கரையாத தையல்

ஃபிலிமில் கோடுகள் இருந்தன. இருக்கக் கூடாது.

இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் மெஹராஜ் அதை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, ரசாயனத் தண்ணீர் மணிக்கட்டு வழியே முழங்கைக்குச் சொட்டுச் சொட்டாய் இறங்குவதைக்கூடக் கவனிக்காமல், வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். நடுவில் எக்ஸ்ரே கற்றையை மறைக்கும் ஈயப் பொட்டின் வெளுத்த நிழல். அதற்கு மேலும் கீழும், ஏணிப்படிபோல, சன்னமான கறுப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் பிளேடால் கீறியதுபோல் அத்தனை துல்லியம்.

எண்பத்தாறாம் வருஷத்து மழைக்காலம் அது. பம்பாய் செம்பூரில், உரத் தொழிற்சாலையின் அமோனியா நெடி ஜன்னல் வழியே எந்நேரமும் உள்ளே வந்துபோகும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டில் அவளுடைய கருவி இருந்தது. நூலோ படலமோ எதைக் கொடுத்தாலும், ஊசிமுனை போன்ற எக்ஸ்ரே கற்றையின் குறுக்கே அதைக் கட்டிவைப்பாள். உள்ளே அடுக்கடுக்காய்ப் படுத்திருக்கும் நீண்ட மூலக்கூறுகளில் பட்டு, கற்றை மயிரிழைக் கோணத்தில் சிதறும். அந்தச் சிதறலைத் தள்ளி நின்று ஃபிலிமில் பிடித்தால், கண்ணுக்கு எட்டாத அடுக்குகளின் இடைவெளி கோடுகளாக விழும். கோடுகள் ஒன்றையொன்று நெருங்கினால் அடுக்குகள் விலகியிருக்கின்றன என்று அர்த்தம். நைலான், ரப்பர், பாலித்தீன் என்று கம்பெனிகள் அனுப்பும் சரக்கைத்தான் வழக்கமாக அவள் பார்ப்பாள்.

இது வேறு. ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்யும் அறுவை நூல். டாக்டர்கள் கேட்கட் என்பார்கள். வயிற்றுக்குள் தைத்துவிட்டால் போதும், இரண்டு மூன்று மாதத்தில் உடம்பே அதைத் தின்று தீர்த்துவிடும். ஏணி உடையும், படிகள் மங்கும், ஃபிலிமில் கடைசியில் வெறும் புகைதான் மிஞ்சும். இந்தத் துண்டோ ஒரு வருஷம் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இருந்துவிட்டு வந்தது. புதிதாகத் திரித்த நூலில்கூட இவ்வளவு சுத்தமான ஏணியை அவள் பார்த்ததில்லை.

குடல் அவளுக்குப் புதிதல்ல. வாப்பா ஜெயினுலாப்தீனுக்கு தாராவியில் குடல் கழுவும் கொட்டகை இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாடையோடுதான் அவள் எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தாள். கல்லூரி பெஞ்சில் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காரும் பெண்களை அவள் விட்டதே இல்லை. நகர்ந்து நகர்ந்து அவர்களை ஒட்டியே போய் உட்காருவாள்.

நூலைக் கொண்டுவந்து கொடுத்தவர் டாக்டர் அம்மிணி. போன வருஷம் மெஹராஜுக்கு வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்த்தவர்.

“சொர்ணம்மாள்னு ஒரு பேஷண்ட், உங்க தாராவிதான். நீ அட்மிட் ஆன அதே வாரம் அவளுக்கும் ஆபரேஷன். இப்ப தையல் போட்ட இடம் தானா திறந்துண்டிருக்கு. நூல் கரையவே இல்ல. ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். மிச்சம்…”

“மிச்சம் என்னாச்சு டாக்டர்?”

“உள்ள போயிடுத்து.”

ஃபிலிமில் கோடுகளைப் பார்த்த அன்று சாயங்காலம் அவள் நூலை மறுபடி கருவிக்குள் பொருத்தி, ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் தகரக் கூரையில் மழை இறைந்துகொண்டிருந்தது. குழந்தை ரோஷனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றுத் தழும்பில் சுரீரென்று ஓர் இழுப்பு. மெல்லத் தளர்ந்தது. பிறகு இன்னொன்று. முந்தானையை விலக்கிப் பார்த்தாள். கணவன் உதுமான் பார்த்துவிட்டான். பை தைக்கும் பட்டறைக்காரன். நூல் என்றால் அவன் கண்ணுக்குத் தப்பாது.

“ஏ மெஹராஜு, என்னதிது? தையல பிரிக்காமயா விட்டுட்டாங்க?”

“அது எப்பமோ பிரிச்சாச்சே மச்சான்.”

“பின்ன இது?”

தழும்பின் ஓரத்தில், தோலைத் துளைத்துக்கொண்டு, அரிசி முனையளவு ஒரு நூல் நுனி ஈரமாய் நின்றது. உதுமான் பட்டறைக் கத்திரியை எடுத்துவந்து குனிந்தான். இரும்பு தோலில் படுவதற்குள் அந்த நுனி, தொட்ட நத்தையின் கொம்புபோல, உள்ளே இழுத்துக்கொண்டது.

கத்திரி தரையில் விழுந்தது. “யா அல்லா… இன்னைக்கி நீ வேலைக்கிப் போவாண்டாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்கிப் போவம்.”

“ஆஸ்பத்திரில தச்சதுதான இது?” குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் எழுந்தாள். “என்னதுன்னு சொல்லுற மிஷினு எங்கிட்டல்லா இருக்கு. பாத்துட்டு வாரேன். பிள்ளைக்கி மத்தியானம் பாட்டில் பாலு குடுங்க. நாந்தான் சாயங்காலம் வந்திருவனே.”

இரண்டாவது ஃபிலிமைக் கழுவி எடுத்தபோது இருட்டறையில் அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்டது. அதே ஏணி. ஆனால் படிகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. முதல் ஃபிலிமை மேலே வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. அடுக்குகள் அகன்றிருக்கின்றன. அப்படியானால் நூலை யாரோ இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு பித்தளை அறைக்குள், இரண்டு கவ்விகளுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் நூலை யார் இழுப்பது?

கருவியின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். கவ்விகள் இரண்டும், நேராக நின்றவை, ஒன்றையொன்று நோக்கி வளைந்திருந்தன.

பின்னால் செருப்புச் சத்தம். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் பிரம்மநாயகம். மாட்டுங்காவாசி. எந்தக் கருவியைக் கண்டாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்க்கிறவர், இன்றைக்கு வாசற்படியைத் தாண்டவில்லை.

“அந்த சாம்பிளைத் திருப்பி அனுப்பிடும்மா. நூல் கம்பெனியிலேர்ந்து போன் வந்தது. நார்மல்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சது.”

“நார்மல் இல்லையே சார்.”

“தெரியும். நேத்து காய வெச்சிருந்தியே, அந்த ஃபிலிமை நான் பார்த்தேன். பார்த்ததனாலதான் சொல்றேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “நமக்குப் புரியாததை நோண்ட வேண்டாம்மா. நீ பிள்ளை பெத்தவ.”

“அதனாலதான் சார் நோண்டுறேன். நான் எழுத மாட்டேன்.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் இருந்த பித்தளை அறையையே பார்த்தார். “சயான் ஸ்டேஷன்ல தண்டவாளத்துல தண்ணி ஏறிட்டிருக்காம். எல்லாரையும் கிளம்பச் சொல்லிட்டேன். நீயும் கிளம்பு” என்று சொல்லிவிட்டு, நடந்தே பழக்கப்பட்டவர், ஏறக்குறைய ஓடினார்.

கட்டிடம் காலியானது. மத்தியானமே சாயங்காலம்போல இருண்டு, ஜன்னலுக்கு வெளியே மழையும் அமோனியாப் புகையும் கலந்து சாம்பல் நிறத்தில் தொங்க, வெற்றிடப் பம்பின் முனகலும் எக்ஸ்ரே குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரின் களகளப்பும் மட்டும் அறையில் மிஞ்சின. மெஹராஜ் ஃபிலிமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணும் குழாயைப் பொருத்தினாள். ஏணியின் ஒரே ஒரு படிமேல் அதை நிறுத்தினாள். சிதறிவரும் ஒவ்வொரு கதிருக்கும் ஒலிபெருக்கி ஒரு ‘டிக்’ சொல்லும். நூல் சும்மா கிடந்தால் தகரத்தில் விழும் மழைபோல ஒரே சீராகக் கேட்க வேண்டும்.

சீராக இல்லை.

டிக் டிக் டிக் என்று அடர்ந்து வந்தது, நீர்த்தது, ஏறக்குறைய நின்றது. மறுபடி அடர்ந்தது. ஏணிப்படி குழாயின் வாய்க்கு நேரே வருகிறது, விலகுகிறது, வருகிறது. நூல் இறுகுகிறது, தளர்கிறது. தூங்குகிறவர்கள் மூச்சு விடுவதைப்போல அவசரமே இல்லாமல்.

அவள் கை அடிவயிற்றுக்குப் போயிற்று.

டிக் டிக் டிக். தழும்பில் இழுப்பு. நீர்த்தது. தழும்பு தளர்ந்தது.

மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். மாறவில்லை. அறையின் மறுகோடிக்கு நடந்து சுவரோடு ஒட்டி நின்றாள். மாறவில்லை. அங்கே அது இறுகும்போது இங்கே இது இறுகியது. ஒரே நூல், நடுவில் அறை அகலம் இருக்கிறது என்பதே தெரியாததுபோல.

டெலிபோன் மணி அடித்தது. அவள் துள்ளிவிட்டாள்.

“மெஹராஜ், நான் அம்மிணி.” மழையின் இரைச்சல் கம்பி வழியேயும் வந்தது. “சொர்ணம்மாள் விடியக்காலம் போயிட்டா. உள்ள திறந்து பார்த்தோம். குடல், கர்ப்பப்பை, எல்லாத்தையும் ஒண்ணா இழுத்து… ஒரு முடிச்சும்மா. கை முஷ்டி அளவுதான் இருந்தது. அந்த வாரம் தையல் போட்டுண்டவா பேரெல்லாம் தேடிண்டிருக்கேன். உனக்கும் அதே நூல்தான். உடனே கிளம்பி வா, நான் வெட்டி எடுத்துடறேன்.”

“சொர்ணம்மாளுக்கும் வெட்டித்தான எடுத்தீங்க?”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“ரெயிலு ஓடல டாக்டர். நான் எப்படி வர?”

அழுகையைப்போல ஏதோ கேட்டது. லைன் அறுந்தது. கூடவே விளக்கும் அணைந்தது.

பம்பு முனகி நின்றது. தண்ணீர் நின்றது. டிக் சத்தம் நின்றது. அந்த வெறுமையில், பித்தளை அறைக்குள்ளிருந்து, மிக மெல்லிய ஓர் ஓசை. கதவுக் கீல் திரும்புவதுபோல. உலோகம் வளைகிறது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

டங்.

கவ்வி முறிந்தது. அதே நொடி அவளுடைய அடிவயிறு முழுவதும் ஒரு பையின் வாயைச் சுருக்கிக் கட்டியதுபோல் இறுகியது. முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. எங்கே ஓடினாலும் அது கூடவேதான் வரும். கண்ணை மூடிக்கொண்டு அழலாம். சொர்ணம்மாளும் அழுதிருப்பாள். வீட்டில் ரோஷன் பாட்டிலைத் தட்டிவிட்டுக் கத்திக்கொண்டிருக்கும்.

மெஹராஜுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம். பிள்ளைக்காகத் திறந்த வயிறு இது. இதற்குள் அது யாரைக் கேட்டுக் குடிவந்தது?

வெட்டினால் மிச்சம் உள்ளே போகும். வெட்டக் கூடாது. ஈரக் குடலை அறுந்துபோகாமல் இழுக்க, வாப்பாவின் கொட்டகையில் பழகிய அவள் கைக்குத் தெரியும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. விடவும் கூடாது.

மேஜை இழுப்பறையில் தடவி, நுனி கூர்ந்த இடுக்கியை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் வயிற்றில் விழும்படி திரும்பி உட்கார்ந்து, துணியை விலக்கி, அசையாமல் காத்திருந்தாள். இறுகியது. தளர்ந்தது. தளர்ந்த நேரத்தில் நுனி எட்டிப் பார்த்தது.

கவ்வினாள்.

வலி கண்ணுக்குள் வெள்ளையாய் வெடித்தது. நூல் உள்ளே பாயப் பார்த்தது. இடுக்கி தோலில் போய் முட்டி நின்றது. அவள் விடவில்லை.

“வா” என்றாள். “வெளிய வா.”

ஒரு விரல் நீளம் வந்தது. வழுவழுவென்று, வெதுவெதுப்பாய், தேன் நிறத்தில். இடுக்கியைப் போட்டுவிட்டு வலது கை விரலில் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள். ஒரு சாண். ரத்தம் அதிகமில்லை. அதுதான் அவளை உறைய வைத்தது. நூல் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக வந்தது. ஒரு முழம். எந்தத் தையலுக்கும் இவ்வளவு நூல் வேண்டாம். உள்ளங்கையில் சுற்றினாள். மணிக்கட்டில் சுற்றினாள். இன்னும் வந்தது.

பிறகு நின்றது.

இழுத்தாள். வயிற்றில் வலிக்கவில்லை. இடது காலின் கட்டைவிரல் மடங்கியது.

மறுபடி இழுத்தாள். இடது தோள் விதிர்த்தது. தாடை தானாகக் கிட்டியது. இடது கண்ணிமை இறங்கியது.

அவளுக்குப் புரிந்தது. கரையாமல் இருந்தது மட்டுமல்ல. ஒரு வருஷமாக அது தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“எவ்வளவு தூரம் வேணா போயிருக்கட்டும்” என்றாள் கிட்டிய பல்லுக்கிடையே. “மொத்தமா எடுப்பேன்.”

இழுத்தாள்.

அவளுடைய இடது கை தரையிலிருந்து எழுந்தது.

அவள் எழுப்பவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன, யாரோ அதைக் கையுறைபோல் போட்டுப் பார்ப்பதுபோல. அது மெல்ல அவள் மடியைக் கடந்து வந்தது. நூல் சுற்றிய வலது மணிக்கட்டைப் பற்றியது. இறுக்கியது. எலும்பு நெறிபட்டது. வலது கை விரல்கள் மரத்தன. சுற்றிய நூல் ஒரு சுற்று அவிழ்ந்து உள்ளே வழுக்கியது. இன்னொரு சுற்று.

மெஹராஜ் குனிந்தாள். கிட்டிக்கிடந்த தாடையை மேஜைக்காலின் விளிம்பில் கொடுத்து நெம்பித் திறந்தாள். வழுக்கிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கவ்வினாள். ஆட்டுக்குடலின் அந்தப் பழைய வாடை வாய் நிறைந்தது.

இடது கை மணிக்கட்டை விட்டது. மேலே ஊர்ந்து வந்து அவள் தொண்டையைத் தேடியது.

அவள் கண்ணை மூடவில்லை. தலையைப் பின்னால் எறிந்து இழுத்தாள். வந்தது. மறுபடி கவ்வி, மறுபடி இழுத்தாள். இன்னும் வந்தது.