எடுக்கச் சொல்லாத மோடம்

உள் அறையின் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. சாலிடர் அதை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஹாலுக்கு வந்திருந்தார். காற்றாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை என்பதைக் காற்று கவனிக்கவில்லை போலும்.

முப்பது வருஷம் ஈயம் பற்றவைத்து ரேடியோ பழுது பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பெயர், சாலிடர். இன்றைய வேலை, உள் அறையில் இருந்த, எட்டு மாதம் முன்பு போய்ச்சேர்ந்த அண்ணனின் கம்ப்யூட்டர். மகளுக்கு அண்ணன் எழுதிய கடிதம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பிளாப்பி டிரைவ் எப்போதோ மண்டையைப் போட்டாயிற்று. ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் கல்யாணம், தம்பி. அவங்கப்பா எழுதினது அவ கைக்குப் போயிடணும்," என்றார் அண்ணி.

"போயிடும் அண்ணி. அண்ணனைவிட இந்த டப்பாவுக்கு ஆயுசு கெட்டி."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல." அண்ணி பழக்க தோஷத்தில் வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போய்விட்டார்.

கடிதத்தை மாற்றிக்கொள்ள சாலிடர் தன் பழைய கம்ப்யூட்டரை ஹாலில் வைத்து, போன் வழியே தகவல் அனுப்பும் இரண்டு மோடங்களையும் பன்னிரண்டு மீட்டர் போன் ஒயரால் நேராக இணைத்தார். நடுவில் டெலிபோன் எக்சேஞ்ச் கிடையாது. ஒன்று கூப்பிட வேண்டும், மற்றது எடுக்க வேண்டும். எடுக்கச் சொல்லி அந்தப் பக்கக் கீபோர்டில் யாராவது தட்டினால்தான் எடுக்கும்.

ஹாலில் உட்கார்ந்து கூப்பிட்டார். சூடேறிய தூசியின் வாசனைக்கு நடுவே, தகரத்தை ஆணியால் கீறுவதுபோல அவருடைய மோடம் கிறீச்சிட, உள் அறையிலிருந்து அதே கிறீச்சல் பதிலாக எழுந்து, இரண்டும் பின்னி இழைந்து, சட்டென்று அடங்கின. இணைந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. உள்ளே கடிதத்தைப் படித்த நெகிழ்ச்சியில், எடுக்கச் சொல்லித் தட்டாமலே எழுந்து வந்திருந்தார்.

திரையில் கடிதம் வரத் தொடங்கியது. அனுப்பச் சொல்லியும் அவர் தட்டவில்லை. 'பாப்பா' என்று ஆரம்பித்து, ஆங்கில எழுத்தில் அண்ணனின் தமிழ். சாகக் கிடக்கும் டிஸ்க் இன்னொரு தடவை தாங்காது; நிறுத்தினால் கடிதம் போய்விடும். பாப்பாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கம் ஓடி, உள்ளே அவர் படித்த கடைசி வரி வந்தது: 'உடம்பு முடியல. மீதி அப்புறம்.'

அதோடு முடிய வேண்டும்.

முடியவில்லை.

இப்போது ஒவ்வோர் எழுத்தாக வந்தது. நின்று, தேடி, நின்று. அண்ணன் ஒற்றை விரலால் தட்டும் வேகம்.

'இங்க கண்ணு தெரியல பாப்பா. தடவித் தடவித்தான் தட்டறேன். இத்தனை நாள் வெளிய வர வழியில்ல. இப்பதான் சித்தப்பா ஒயர் போட்டான். ஞாயித்துக்கிழமை அப்பா வந்துடுவேன்.'

சாலிடர் ஒயரைப் பிடுங்கினார்.

மோடம் விளக்கு அணைந்தது. உள் அறையில் டக் டக் நின்றது. திரை அசையவில்லை.

மூச்சு விட்டார். மூச்சில் தைல வாசனை. அண்ணனின் தைலம். பின்கழுத்துக்கு மிக அருகில்.

ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

திரையில் புது வரி.

'வந்துட்டேன்டா.'

ஒயரைப் பற்றிய அவருடைய இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. அவர் எதிரே, அவருடைய கீபோர்டில், ஒரு விசை மெல்ல அமுங்கியது. பிறகு, தேடித் தடவி, அடுத்தது.