ஐந்தாம் மேசையின் கேசட்

சனிக்கிழமை. காலை 10.50.

தேநீர் குடித்துவிட்டு மண்டபத்துக்குள் திரும்பிய கஜலட்சுமி, ஐந்தாம் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசையில் நாற்பது வருடப் பழைய ஸ்பெக்ட்ரம் கணினி. அதோடு இணைத்த சின்னத் தொலைக்காட்சியில், அவள் எழுதிய நிரல் காட்டும் பெரிய தமிழ் எழுத்துகள். பக்கத்தில் கேசட் பிளேயர். அதன் மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"என்னோட கேசட்டை யார் எடுத்தது?"

பேராதனை வீதியிலிருந்த, ஜன்னலில்லாத அந்த மண்டபத்தில் அன்று ஒரு போட்டி. பழைய வீட்டுக் கணினிகளுக்குப் புது நிரல் எழுதி வர வேண்டும். ஐந்து பேர், ஐந்து மேசைகள். 11.30க்குள் நிரல் பதிந்த கேசட்டை நடுவர் கையில் கொடுக்காதவர் போட்டியில் இல்லை.

கஜலட்சுமிக்கு முப்பத்தொரு வயது. கம்பளையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தாள். மற்ற நால்வரும் பட்டதாரிகள். அவள் விண்ணப்பித்தபோது, "நீங்களே எழுதினதா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். இரண்டு தடவையும் "நானேதான்" என்றாள். தமிழ் எழுத்து அத்தனையையும் இரண்டு கிலோபைட்டுக்குள் அடக்கியிருந்தாள். மெய்யெழுத்துக்கும் கொம்புக்கும் காலுக்கும் மட்டும் உருவம். மீதியை விசை அழுத்தும்போதே கணினி ஒட்டிச் சேர்த்துவிடும்.

நடுவர் அஹ்னாப் ஓடி வந்தார். மற்றப் போட்டியாளர்கள் மூவர் தங்கள் வெள்ளைத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, நிரலை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியா எப்ப பாத்தீங்க, தங்கச்சி?"

"பத்து மணி அஞ்சுக்கு ஏத்தினேன். பத்து பன்னிரண்டுக்குக் கரண்ட் போச்சு. எல்லாரோடயும் வெளிய போனேன். கேசட் பிளேயர்லதான் இருந்துச்சு."

"10.31க்குக் கரண்ட் வந்தது. இருட்டுல உள்ளுக்கு ஈந்தது யாரு?"

எல்லோரும் மண்டபக் காவலாளியைப் பார்த்தார்கள். சேதுராமன், ஐம்பத்தைந்து வயதுக்காரர், கையில் தேநீர்க் கேத்தலோடு நின்றார்.

"ஃபியூஸ் பெட்டியைப் பாத்துக்கிட்டிருந்தேன் சேர். லைட் வந்ததும் வெளிய வந்து தேத்தண்ணி ஊத்தினேன். இப்ப வரைக்கும் எல்லாருக்கும் முன்னாலதானே நிக்கிறேன்?"

அது உண்மை. கஜலட்சுமியே அவரிடம் இரண்டு கோப்பை வாங்கிக் குடித்திருந்தாள்.

முதல் மேசையிலிருந்து பிரதீஸ் எழுந்து வந்தான். மென்பொருள் பொறியியலாளன். போன இரண்டு வருடமும் பரிசு அவனுக்குத்தான்.

"நான் பஸ் பிந்தி இப்பதான் வந்தேன். வாசல் புத்தகத்துல 10.34னு கையெழுத்து இருக்கு. அப்ப உள்ள ஒருத்தரும் இல்ல. இவங்க திரையில எழுத்து அப்படியே தெரிஞ்சுது, ஆனா பிளேயர் வெறுமையா இருந்துச்சு. இருட்டுலயே எடுத்துட்டாங்க. இவரோட பையைப் பாருங்க."

அஹ்னாப் தயக்கத்தோடு கை நீட்டினார். சேதுராமன் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்த பையைக் கழற்றினார்.

"பையைத் திறக்காதீங்க அண்ணன்," என்றாள் கஜலட்சுமி சேதுராமனிடம்.

"கேசட் வேணாமா உங்களுக்கு?" பிரதீஸ் சிரித்தான்.

"வேணும். அதுக்காக இவரைச் சோதிக்க விடமாட்டேன்."

"தங்கச்சி, இது போட்டி விசயம். நேரம் போகுது," என்றார் அஹ்னாப்.

"போகட்டும். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. அஞ்சு மேசைக்கும் கரண்ட் எங்க இருந்து வருது?"

"அந்தா, சுவர்ல ஈக்கிற ஒரே பிளக்."

"அப்ப அஞ்சும் ஒண்ணாதான் நின்னிருக்கும். நின்னா இந்த மெஷின்ல நிரல் மிஞ்சுமா?"

"மிஞ்சாது. எல்லாம் அழிஞ்சு, வெள்ளைத் திரைதான்..."

அஹ்னாப் பாதியில் நிறுத்தினார். மற்ற மூன்று திரைகளைப் பார்த்தார். பிறகு ஐந்தாம் மேசையைப் பார்த்தார்.

மணி 11.02.

"கோபத்துல நானும் கவனிக்கல," என்றாள் கஜலட்சுமி. "போகும்போது இருந்த எழுத்து, வரும்போதும் இருந்துச்சு. அது இருந்திருக்கவே கூடாது. 10.31க்குப் பிறகு யாரோ என் கேசட்டை ஓட்டி ஏத்தியிருக்காங்க. அரை நிமிசம் போதும். அப்ப இருட்டுல கேசட் களவு போகல. வெளிச்சத்துல, ஏத்தின பிறகுதான் போயிருக்கு. அந்த நேரம் அண்ணன் எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாரு. 10.34க்கு உள்ள இருந்தது ஒரே ஆள். அதை அவரே சொல்லிட்டாரு."

பிரதீஸின் முகம் வெளிறியது.

"நான் வந்தப்ப, கரண்ட் போய் வந்ததே எனக்குத் தெரியாது..."

"தெரிஞ்சிருந்தா அணைச்சிட்டுப் போயிருப்பீங்க. இருட்டுல எடுத்தாங்கன்னு நீங்க சொன்னது, இங்க நாங்க பேசினதைக் கேட்டு."

அவன் தன் மடிக்கணினிப் பையின் உள்ளறையிலிருந்து கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இரண்டு கிலோபைட்ல எப்படி முடிஞ்சுதுன்னு பாக்கத்தான் ஏத்தினேன். பாத்தும் விளங்கல. அதான் எடுத்துட்டேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். முதல் வரியில வெறும் குறிப்பு மாதிரி தெரியுதே, அதுக்குள்ளதான் மெஷின் கோட் ஒளிஞ்சிருக்கு. இப்ப எல்லாருக்கும் சொல்றேன். என் பேரோட எழுதி வச்சுக்கோங்க."

அஹ்னாப் குரலைத் தாழ்த்தினார். "கேசட் கிடைச்சிட்டுதானே. நல்ல குடும்பத்துப் பிள்ளை. சத்தமில்லாம முடிச்சுக்குவோம். நீங்க கேசட்டைத் தாங்க, போட்டியைத் தொடங்குவோம்."

"பையைத் திறக்கச் சொன்னது சத்தமாத்தானே?" கஜலட்சுமி கேசட்டைக் கொடுக்கவில்லை. "இவர்கிட்ட மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் இது என் கையிலதான் இருக்கும். 11.30 தாண்டினாலும் பரவாயில்ல."

சேதுராமன், "எனக்காக வேணாம் தங்கச்சி," என்றார்.

"எனக்கும் சேத்துத்தான் அண்ணன்."

மணி 11.19. கடைசியில் அஹ்னாப்தான் முதலில் சேதுராமனிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டார். பிறகு பிரதீஸைப் பார்த்தார்.

பிரதீஸ் வாயைத் திறந்தான். கஜலட்சுமி ஐந்தாம் மேசையின் கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வாயால வேணாம். இதுல எழுதுங்க. எல்லாருக்கும் தெரியும்."

அவன் உட்கார்ந்தான். 'மன்னிக்க' என்று தட்டுத்தடுமாறித் திரையில் கொண்டுவந்தான். அடுத்த சொல்லில் விரல் நின்றது.

"வேண்டும்... 'வே'க்குக் கொம்பு எந்த விசை?"

கஜலட்சுமி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"தேடுங்க. இன்னும் எட்டு நிமிசம் இருக்கு."