பூட்டிய வரி

நேற்றுச் சாயங்காலம் திரை நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டிய எண், காலையில் நானூற்று ஒன்பதாகியிருந்தது.

உலகத்தில் எதற்கெல்லாமோ தேடுகருவி இருக்கிறது, மூழ்கிப்போன வங்கிகளுக்கு இருக்காதா? ஆராய்ச்சி செய்கிறவர்கள் வங்கியின் பெயரைத் தட்டினால் போதும். எப்போது மூடியது, யாரால் மூழ்கியது, கடைசி நாளில் பூட்டிய கதவுக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதுவரை ஒரே வரியில் கொட்டிவிடும். பழைய பத்திரிகைகளைப் பார்த்து அந்த வரிகளைத் திருத்துவது அவள் வேலை, வீட்டிலிருந்தே. திருத்தியதை சீனியர் பார்த்துப் பூட்டுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பூட்டுக்காரர்தான். அவர் பூட்டிய வரியை அதற்குப் பிறகு யாராலும் தொட முடியாது.

அப்படியிருக்க, நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மூடிய ஒரு வங்கியின் வாசலில் நின்ற கூட்டம் இப்போது எப்படிக் குறையும்?

அந்த வங்கியின் மேலாளர் அவளுடைய அப்பா. பணத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு பின்கதவு வழியாக நழுவியவர். போன வாரம் அந்த வரி அவள் கைக்கு வந்ததும், அப்பாவின் பெயரை அழித்துவிட்டு 'மக்களின் பீதி' என்று எழுதினாள். அவர் இப்போது பக்கத்து அறையில் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக, பேச்சும் போய்க் கிடக்கிறார். சாகிற மனுஷன் நல்ல பெயரோடு போய்ச் சேரட்டுமே என்று நினைத்தாள். பூட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வரியைப் பூட்டவும் வைத்துவிட்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடிவரை அவசரமே இல்லாமல் ஏறி வந்து, அவள் வீட்டு வாசலில் நின்றது. அழைப்பு மணி அடிக்கவில்லை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, கதவிடுக்கு வழியாக நனைந்த துணியும் பழைய காகிதமும் பலருடைய வியர்வையும் கலந்த ஒரு வாடை மெதுவாகக் கூடத்துக்குள் வந்து பரவியது. கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். மூன்று பேர், ஒருவர் பின்னால் ஒருவராக, வரிசையில் நின்றார்கள். கையில் பாஸ்புக். முன்னால் நின்ற கிழவிக்கு இமைக்கவே தெரியவில்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். முந்நூற்று அறுபது. படிகளில் மறுபடியும் செருப்புகள்.

பூட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த வரியைக் கொஞ்சம் திறந்து விடுங்க. தப்பா எழுதிட்டேன்."

"பூட்டினா பூட்டினதுதான்மா. நீங்கதானே அந்தக் கெஞ்சு கெஞ்சினீங்க?" என்றார். "ஆமா, வீட்டுல என்ன விசேஷம்? ஒரே கூட்டமா இருமல் சத்தம் கேக்குது."

அவள் போனை வைத்துவிட்டாள். வீட்டில் இருமல் சத்தமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

திரையில் இருநூறு. தொண்ணூறு. கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. கதவுப் பலகையின் மேல் உள்ளங்கைகள் உரசின. தட்டவில்லை. தடவின.

"உங்க பணத்தை நான் எப்படியாவது..." என்று ஆரம்பித்தாள்.

"பணத்தை யாரு கேட்டா?" கிழவியின் குரல் கதவோடு ஒட்டிக் கேட்டது. "அது வராதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அவன் பேரு ஒரு இடத்துல எழுதியிருந்துச்சு. இத்தனை வருஷத்துல எங்களுக்குன்னு கிடைச்சது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டியே."

பதினொன்று. நான்கு.

பூஜ்யம்.

சத்தம் நின்றது. துளையில் பார்த்தாள். வாசல் காலி. படி காலி. தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

அப்பாவின் அறையில் யாரோ இருமினார்கள்.

அப்பாவின் இருமல் இல்லை.

ஓடினாள். அறை வாசலில் கால் நின்றுவிட்டது. அறை நிறைய ஆட்கள். சுவரோரமாக, ஜன்னலோரமாக, கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஒரே வரிசை. யாரும் இடிக்கவில்லை. யாரும் முந்தவில்லை. கிழவி கட்டில்மேல் குனிந்திருந்தாள். கையில் பழைய மைப்பேனா.

"அழிக்க முடியாத இடமாப் பாத்து எழுதிக்கிறோம்" என்றாள், திரும்பாமலே.

அப்பாவின் நெற்றியில் அவர் பெயர். முழுப் பெயர். பேனா முள் ஆழமாக இறங்கி, மையும் ரத்தமுமாகப் புருவத்தில் வழிந்தது. கத்த அவருக்கு வாய் வராது. கண் மட்டும் விரியத் திறந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிழவி கடைசி எழுத்தைப் போட்டு முடித்தாள். முள்ளைச் சேலையில் துடைத்து, பேனாவைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தாள்.