இதமி இல்லாத கம்பி

பக்கத் தகட்டைக் கழற்றியதுதான் தாமதம், கணினி வீறிட்டது. அடுப்படியிலிருந்து ரெஜினாள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"மாதாவே! வெடிச்சிருமா?"

"வெடிக்காதுக்கா. உள்ள கை வைக்கது யாருன்னு கேக்கு, அவ்வளவுதான்."

சந்தனமாரி உரிமச் சீட்டைக் கணினியின் கண்ணுக்கு நேரே காட்டினாள். அலறல் நின்றது. காலையிலிருந்து இது ஐந்தாவது வீடு, ஐந்தாவது அலறல். தூத்துக்குடிக் கடற்கரை அடுக்ககங்களில் லிப்ட் ஓடினால் அன்று திருவிழா. இது பதினேழாவது மாடி. முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக வலித்தன.

மின்வயரை உருவினாள். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டு, உடம்பிலிருந்த நிலைமின்சாரத்தை இறக்கினாள். காலியாகக் கிடந்த ஸ்லாட்டில் தூசியை ஊதிவிட்டு, கம்பி நெட்வொர்க் கார்டை நேராக வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஒரே ஒரு திருகு. இதற்குத்தான் பதினேழு மாடி.

"உரிமத்துக்கு என்ன காரணம்க்கா எழுதினீங்க?"

"உள்ளதத்தான் எழுதுனேன். எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருன்னு மஸ்கட்டுல இருக்க தம்பிக்குப் போன் போட்டேன். 'சரிக்கா, மனசச் சந்தோஷமா வச்சுக்க, நல்லாச் சாப்பிடு'ங்கான். ஒரு வருஷம் அவங்கூடப் பேசல. நேர்ல வந்தப்பதான் தெரிஞ்சுது, பய அன்னைக்குத் தேம்பித் தேம்பி அழுதிருக்கான்."

சந்தனமாரிக்கு இது புதிதல்ல. இதே கதையை ஆள் மாற்றி, ஊர் மாற்றி வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறாள். மன அமைதிச் சட்டம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. கம்பியில்லாக் காற்றுவலையில் பேசும் கருவி எதுவானாலும் உள்ளே இதமி என்ற சில்லு இருக்கும். எதிர்முனையிலிருந்து வரும் அழுகையை, ஆத்திரத்தை, கெஞ்சலை அது பிடித்து, அதே குரலில் இதமான பேச்சாக மாற்றி நம் காதில் விடும். பழைய கம்பிக் கார்டில் மட்டும் அந்தச் சில்லு கிடையாது. அதனால்தான் அதற்கு உரிமம், சீட்டு, அலறல் எல்லாம்.

"நீ ஓன் வீட்டுல மாட்டிக்கிட்டியாம்மா?"

"எனக்கு எதுக்குக்கா? நாள் பூரா படி ஏறி இறங்கிட்டுப் போனா, நல்ல வார்த்தை நாலு கேட்டுட்டுத் தூங்கினாப் போதும்னு இருக்கு."

நல்ல வார்த்தைக்கு அவளுக்குக் குறைவில்லை. கணவன் பட்டுராஜன் வடகடல் காற்றாலை மேடையில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறான். தினமும் பேசுவான். 'ஜோரா இருக்கேன் மாரி, இங்கயே இருக்கலாம்னு தோணுது' என்பான். இவளும் சரிங்க, சரிங்க என்று கேட்டபடியே கண்ணயர்ந்துவிடுவாள்.

மின்வயரைத் திரும்பச் செருகி, கார்டுக்கான டிரைவர் மென்பொருளை ஏற்றத் தொடங்கியதும் திரையில் பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. அவள் மணிக்கட்டுப் பட்டை துடித்தது. காற்றாலை நிறுவனத்தின் நினைவூட்டல், காலையிலிருந்து ஏழாவது. பட்டுராஜனின் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று ஆண்டுகள் நீட்டிக்கக் குடும்ப ஒப்புதல் வேண்டும். இன்று நான்கு மணி வரைதான் கெடு. கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. தனிமையில் இருப்பவன் அவசரப்பட்டு முடிவெடுப்பான் என்று, அந்த உரிமையை நிறுவனம் அவனிடம் விடாமல் வீட்டாரிடம் கொடுத்திருந்தது.

சந்தனமாரி மணியைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. கொட்டாவி விட்டபடியே பெருவிரலைப் பட்டையில் வைத்தாள். 'நன்றி' என்று அது பாடியது.

டிரைவர் ஏறி முடிந்தது. கம்பியைச் செருகியதும் கார்டின் முதுகில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. இனி ஒரு சோதனை அழைப்பு மட்டும் பாக்கி. அலுவலகத்தின் சோதனை எண்ணுக்குப் போட்டால் பதிவு செய்த குரல் ஒன்று எண்களைச் சொல்லும். அது கேட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. இன்று பார்த்து அந்த எண் செத்துக் கிடந்தது. மூன்று முறை போட்டும் இரைச்சல்தான்.

"சோதனை முடியலன்னா நாளைக்குத் திரும்ப வரணும்க்கா."

"இந்தப் படி ஏறியா? ஏம்மா, ஓன் வீட்டுக்காரருக்குப் போடேன். கேக்குதா இல்லையான்னுதானே பாக்கணும்?"

கார்டு மாட்டுகிறவர்கள் முதல் அழைப்புக்கு நிற்பதில்லை. சோதனை எண்ணைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவார்கள். யாரும் போட்ட சட்டமல்ல. அந்த முதல் பேச்சு முடிந்த பிறகு வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. நானூறு வீடுகளில் சந்தனமாரியும் அப்படித்தான் இறங்கியிருக்கிறாள்.

நாளைக்கு மறுபடியும் பதினேழு மாடி. அவள் பட்டுராஜனின் எண்ணைப் போட்டாள்.

மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை. எடுத்தது கரகரத்த, உடைந்த ஒரு குரல். தப்பான எண்ணோ என்று அவள் திரையைப் பார்த்தாள். எண் சரிதான். "நான்தாங்க, மாரி" என்றாள்.

"ஏட்டி மாரி, நாலு மாசமா அழுது அழுது சொல்லுதேன், அதுல விரல் வச்சிராதட்டி, என்னைய ஊருக்குக் கூப்பிட்டுக்கோன்னு. நீ சரிங்க, சரிங்கன்னே வச்சிருத. இன்னைக்காவது காதுல விழுதா?"