ஏழாம் எண்ணின் சொந்தக்காரி

மதுரை கோச்சடையில் ஒரு பருத்தி வியாபாரி கட்டி, அவர் பிள்ளைகளின் பாகப்பிரிவினைச் சண்டையில் வாடகைக்கு வந்துவிட்ட பழைய பங்களா அது. 1987 ஆடி மாதம் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஆடியில் எவளாவது புது வேலையில் கால் வைப்பாளா என்று அம்மா புலம்பினாள். அதற்காக வேலை காத்துக்கொண்டிருக்குமா? போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வாசலில் ஒரு வேப்பமரம். உள்ளே கூடத்தில் கம்ப்யூட்டர். அதற்கு வெயில் ஆகாது என்று ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஏ.சி. உறுமும். திரைகளில் பச்சை எழுத்துகள் மட்டும் மினுங்கும். சுற்றுவட்டார மில்களுக்குச் சம்பளப் பட்டியல் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

பொறுப்பாளர் கண்ணுச்சாமி சார் மெட்ராசில் படித்துவிட்டு வந்தவர். நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"மிஷின் ஒண்ணுதாம்மா, திரை எட்டு" என்று விளக்கினார். "ஒரே வீட்டுல எட்டுக் குடித்தனம்னு வச்சுக்க. அவங்கவங்களுக்கு ஒரு அறை, ஒரு பாஸ்வேர்டு. உன் பைலை நீ பூட்டிட்டா சொந்தக்காரியத் தவிர ஒருத்தரும் தொறக்க முடியாது."

"நீங்க கூடவா சார்?"

சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா அந்த வேலை?"

முடியாது என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூலையில் இருந்த ஏழாவது திரையை எனக்குக் கொடுத்தார். "முன்னால இருளாயின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. கல்யாணமாகிப் போயிருச்சு. மிஷின்ல புதுசா ஒரு ஆளைச் சேர்க்கணும்னா பத்து வேலை இருக்கு. அதனால அது பேரை எடுத்துட்டு அன்னக்கொடின்னு உன் பேரைப் போட்டுட்டேன். நம்பர் அதே ஏழுதான். பேரெல்லாம் நமக்குத்தாம்மா. மிஷினுக்கு நம்பர்தான் ஆளு."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பூட்டு என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் பூட்டு என்பது அண்ணன் விருமாண்டியின் பெட்டிக்கு மட்டும்தான். என் டிரங்குப் பெட்டியை அண்ணி நினைத்தபோதெல்லாம் கவிழ்த்துப் பார்ப்பாள். தலையணை உறைக்குள் கைவிட்டுப் பார்ப்பாள். இருபத்திரண்டு வயதில் எனக்கென்று முதன்முதலாகப் பூட்டு வைத்த ஓர் இடம் கிடைத்தது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

அங்கே வைக்க என்னிடம் ஒன்று இருந்தது. தாய்மாமன் மகன் முத்திருளனுக்கு என்னைத் தையில் கட்டிக்கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். முறைப்பையன், மறுக்க முடியாது. தாலி ஏறியதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வெற்றிலை பாக்கு மாற்றிய அன்றே ஆள்விட்டுச் சொன்னவன் அவன். டைப் படித்தபோது கூடப் படித்த சுந்தரம்மாள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். தன் ஆபீசிலேயே எனக்கும் இடம் கேட்டு வைத்திருந்தாள், தங்க ஹாஸ்டலும் பார்த்துவிட்டாள். ஐப்பசிக் கடைசி வெள்ளியன்று வேலைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பிக் கோவை பஸ் ஏறிவிடுவது. காதும் காதும் வைத்தாற்போல் நடக்க வேண்டும். அண்ணனுக்குத் தெரிந்தால் காலை ஒடித்து வீட்டில் போட்டுவிடுவான்.

அவளுக்கு எழுதவேண்டியதையெல்லாம் அந்தப் பைலில்தான் அடித்து வைத்தேன். அந்த மிஷினில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பேன். சாயங்காலம் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு பைலைப் பூட்டிவிட்டு, போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

முதலில் வந்தது வாசனை.

கூடத்துக்குள் பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது. இதழ் உதிர்ந்து கீபோர்டில் விழும் என்று வாசலிலேயே தட்டு வைத்திருப்பார் கண்ணுச்சாமி. மதுரைக்காரிகளிடம் தலைப்பூவைக் கழற்றச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்! ஆனாலும் கழற்றிவிட்டுத்தான் போவோம். அப்படியிருக்க, ஒருநாள் உச்சிப்பொழுதில் பின்வராண்டாவில் சாப்பிட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் திரும்பியபோது, என் மூலையில் மருக்கொழுந்து வாசனை கம்மென்று அடித்தது.

உட்கார்ந்தேன். ஏ.சி. குளிரில் விறைத்துக் கிடக்க வேண்டிய நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

ஒவ்வொரு பைலும் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று அந்த மிஷின் காட்டும். என் பைலைப் பார்த்தேன். நான் வராண்டாவில் தயிர்சோறு தின்றுகொண்டிருந்த நேரம் அதில் இருந்தது.

பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் உச்சியிலும் திறந்திருந்தார்கள். அர்த்தமே இல்லாத எழுத்துகளைக் கோத்து வைத்தேன். அதையும் திறந்திருந்தார்கள். பிறகு ஒருநாள், சுந்தரம்மாளுக்கு நான் எழுதியதன் கீழே நான் அடிக்காத ஒரு வரி இருந்தது.

'யாரு நீ?'

உள்ளாளின் விளையாட்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டு கண்ணுச்சாமியிடமே போய்ச் சொன்னேன். பயத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

அவர் தன் திரையில் எதையோ தட்டிப் பார்த்தார். "வேற யாரும் தொறக்கலையேம்மா. ஏழாம் நம்பர்தான் தொறந்திருக்கு. ஏழு நீதான?"

"அந்த நேரத்துல நான் சாப்டுக்கிட்டு இருந்தேன் சார்."

"அப்படி என்ன பைலு அது?"

"சும்மா, டைப் பழகுனது."

முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சரி, நீ போ. யாருன்னு நான் பாக்குறேன்."

கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒச்சம்மாளிடம் அன்று சாயங்காலம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஏக்கா, இருளாயியை எந்த ஊர்ல கட்டிக்கொடுத்தாக?"

ஒச்சம்மாள் விளக்குமாற்றைத் தரையில் போட்டாள். "கல்யாணமா? யாரு சொன்னா ஒனக்கு?" குரலைத் தாழ்த்தினாள். "அவுக அய்யா வந்து இங்கனருந்துதான் கூட்டிட்டுப் போனாரு. நாலு நாள்ல சேதி வந்துச்சு. வயித்துவலின்னு சொன்னாக தாயி."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வயசுப்பெண் வயிற்றுவலியில் செத்தாள் என்றால் சோற்றில் என்ன கலந்தது என்று யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

"நல்ல புள்ள" என்றாள் ஒச்சம்மாள். "உச்சிக்கு எல்லாரும் சாப்பிடப் போனாலும் அது மட்டும் அந்த மூலையிலயே குனிஞ்சு எதையாச்சும் தட்டிக்கிட்டு இருக்கும். மருக்கொழுந்துன்னா உசுரு அதுக்கு. சாருக்குத் தெரியாம மடியில முடிஞ்சு கொண்டு போயிரும்."

அன்று இரவு படுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. பெயரைத்தான் மாற்றியிருந்தார்கள். மிஷினுக்கு நம்பர்தான் ஆள். ஏழாம் நம்பர் எப்போதும் இருளாயிதான். சொந்தக்காரியைத் தவிர யாரும் திறக்க முடியாது என்று நான் ஒவ்வொரு நாளும் பூட்டினேன். பூட்டும் அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது.

அது சொந்தக்காரியை மட்டும்தான் உள்ளே விட்டது.

என் அம்மா பாண்டியம்மாள் இரண்டாந்தாரம். புதுச்சேலை எதையும் மூத்தவளுக்கு வைத்துக் கும்பிடாமல் அவள் உடுத்தியதில்லை. செத்தவள் இடத்தில் உட்காருகிறவள் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் கேட்கவேயில்லை. அதைச் சரிசெய்துவிட்டால் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் உச்சியில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, மடியில் முடிந்து கொண்டுவந்த ஒரு ரவிக்கைத்துணியையும் ஒரு கொத்து மருக்கொழுந்தையும் கீபோர்டின் முன்னால் வைத்தேன்.

"அக்கா" என்றேன். "கேக்காம உக்காந்துட்டேன். கோவிச்சுக்காத. எனக்கு இந்த ஒரு எடந்தான் இருக்கு."

ஏ.சி. நின்றது.

திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சின்னப் பச்சைக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

கீபோர்டில் ஒரு எழுத்து அமுங்கியது.

நான் தொடவில்லை.

இன்னொன்று அமுங்கியது, பிறகு இன்னொன்று. பழகிய கை ஒன்று நிதானமாக அடிப்பதுபோல் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. என் கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்திருந்தார்கள். மருக்கொழுந்து வாசனையோடு மூச்சுச் சூடும் என்மேல் பட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

'நானும் வாரேன்.'

மூத்தவளைக் கும்பிட்டால் கோபம் ஆறிப்போகும், அப்புறம் கூடவே இருந்து காப்பாள் என்று அம்மா சொல்வாள். கூடவே இருப்பாள் என்பதை நான் யோசிக்காமல் போனேன்.

அந்த வரியை அழித்தேன், மறுநாள் மறுபடி இருந்தது. பைலையே அழித்தேன், அதுவும் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. கடைசியில் அதே வரியும் இருந்தது. கிளம்புகிற வெள்ளிக்கு இன்னும் ஒரு நாள்தான், போய்விட்டால் இந்த மிஷினும் வேண்டாம் இந்த மூலையும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை உச்சியில் வராண்டாவில் இலையைப் பிரிக்கும்போது கூடத்தில் பிரிண்டர் சத்தம் கேட்டது. இருளாயிதான் என்று நினைத்து, பயத்தோடேயே ஓடினேன்.

கண்ணுச்சாமி நின்றிருந்தார், பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு. கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்யமாக நின்றிருந்தான் என் அண்ணன்.

"நீதானம்மா யாரோ தொறக்குறாங்கன்னு சொன்ன" என்றார் கண்ணுச்சாமி, தரையைப் பார்த்தபடி. "பொறுப்பாளு நான், எதையும் தொறக்க எனக்கு வழியிருக்கு. யாருன்னு பாக்கத்தான் தொறந்தேன். படிச்சபிறகு வீட்டுப் பெரியவங்க காதுல போடாம இருக்க முடியுமா? இருளாயி எழுதி வச்சிருந்ததையும் அவங்க அப்பாகிட்ட நான்தான் கொடுத்தேன். எல்லாம் நல்லதுக்குத்தான்."

அண்ணனுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அதனால் அவரே படித்துக் காட்டினார். சுந்தரம்மாளுக்கு மட்டும் நான் சொன்னவை, முத்திருளனைப் பற்றி எழுதியவை, அண்ணனை நினைத்து அழுததாக எழுதியது உட்பட ஒவ்வொன்றும் அவர் வாயிலிருந்து வந்தது. இழுத்து நிறுத்தித் துணியை உருவியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

கடைசி வரிக்கு வந்தார். "'நானும் வாரேன்'னு ஒண்ணு இருக்கே."

அண்ணன் நிமிர்ந்தான். "கூட வாரேன்னது எவன்டி?"

"எவனும் இல்லண்ணே. சத்தியமா எவனும் இல்ல."

"பின்ன யாரு?"

வேறு என்ன சொல்வேன்? "இருளாயி" என்றேன்.

கண்ணுச்சாமியின் கையிலிருந்து தாள் விழுந்தது. அண்ணன் என்னை அறைந்தான்.

அப்போது பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது. எந்தத் திரையின் முன்னாலும் யாரும் இல்லை. தாள் மடிமடியாக வந்து தரையில் விழுந்தது. ஒவ்வொரு வரியிலும் அதே இரண்டு சொற்கள். கண்ணுச்சாமி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

பிடுங்கியபிறகும் அது ஒரு வரி அடித்தது.

அண்ணன் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். வேப்பமரத்தடியில் வரும்போது மருக்கொழுந்து வாசனை என் முந்தானையில் இருந்தது.

தை வரை காத்திருக்கவில்லை, கார்த்திகையிலேயே தாலி கட்டிவிட்டார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே என் புருஷன் ஊர். மாமியார் ரெங்கம்மாள் பொல்லாதவளில்லை. முத்திருளன் அடிப்பதில்லை. விளக்கணைத்தபின், "கூட வாரேன்னவன் யாருன்னு இப்பயாச்சும் சொல்லு" என்று மட்டும் கேட்பான். ஒவ்வொரு மாதமும் அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே வருகிறது. கத்தினால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருக்காது. எவனும் இல்லை என்பதை நம்பவைக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, பேனா காகிதம் கிடையாது. ஆங்கில எழுத்தில் ஒன்றுகூட இங்கே யாருக்கும் தெரியாது. உச்சியில் எல்லோரும் காட்டுக்குப் போனபிறகு, சலித்த மாவை முறத்தில் பரப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவேன். திரும்பி வரும்போது மாவில் விரலால் எழுதியிருக்கும். ஆங்கில எழுத்தில், தமிழில்.

முதல் நாள், 'வந்துட்டேன்.'

கையால் கலைத்துவிட்டேன். அழிப்பது எனக்குப் பழக்கம்தானே. இப்போதெல்லாம் பயம்கூட அவ்வளவாக இல்லை. இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் படிக்க முடியாத ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். சில நாள் அதைக் கலைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்று உச்சியில், 'போவோமா?' என்று இருந்தது.

எங்கே என்று நான் கேட்கவில்லை. காலையிலிருந்து எனக்கு லேசாக வயிற்றுவலி.