ஆழத்தில் அறுந்த வார்

கோரா முதலில் பார்த்தது கத்தியைத்தான். அவன் கண்களை அப்புறம்தான் பார்த்தாள்.

கரன்ட் என்னும் ஆற்றின் நடுவே அவளுடைய குதிரை பிஸ்கட்டின் காலடியில் கூழாங்கல் திட்டு திடீரென்று முடிந்துபோனது. அடுத்த அடியில் ஆழம். சேணத்தில் உட்கார்ந்தபடியே மார்புவரை தண்ணீருக்குள் இறங்கினாள். குதிரை நீந்தப் பார்த்தது. ஆனால் தலை மேலே வரவில்லை... மூக்கு தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. கண்கள் வெள்ளையாக உருண்டன. குமிழி மட்டும் வந்தது.

அப்போது ஒரு கோவேறு கழுதை அவளை ஒட்டி நீந்தி வந்தது. அதன் மேலிருந்தவன் கையில் விரித்த மடக்குக் கத்தி. குதிரையின் தாடைக்குக் கீழே கையை விட்டான்.

கொல்லத்தான் வருகிறான்... வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. கடிவாள நுனியால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். அவன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஒரே இழுப்பு. பிஸ்கட்டின் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அது மூச்சை இழுத்த சத்தம் கரைவரை கேட்டிருக்கும்.

கரையேறியதும் அவன் கன்னத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறத்தில் கண்கள். அந்தக் கண்களில் கோபத்தைத் தேடினாள்... இல்லை.

"கத்தி வச்சிருந்தது நான். அடி வாங்குனதும் நானேவா?" என்றான்.

குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது.

பிஸ்கட்டுக்குத் தலையை உதறும் பழக்கம் உண்டு. அதனால் மூக்குப் பட்டையிலிருந்து மார்புப் பட்டைக்கு ஒரு தோல் வாரை இழுத்துக் கட்டுவார் அப்பா லீலண்ட் ஹக்கபி. ஆற்றில் இறங்கும் முன் அதை அவிழ்த்துவிட வேண்டும். நீந்தும் குதிரையால் தலையைத் தூக்க முடியாவிட்டால் அது அங்கேயே மூழ்கிச் சாகும். சவாரிக்காகக் குதிரையும் டிரெய்லர் வண்டியுமாய் ஊர் ஊராகப் போய்க் கேம்ப் போடும் குடும்பங்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அன்று காலையும் கோரா அவிழ்க்கத்தான் குனிந்தாள். "முழங்கால் தண்ணிதான், விடு," என்றார் அப்பா. மலையில் பெய்த மழை ராவோடு ராவாகத் திட்டைக் கரைத்துவிட்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

அப்பா ஓடிவந்தார். முகத்தில் ரத்தமில்லை. மகளைக் கட்டிக்கொண்டார். பிறகு, கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்து, கழுதை பக்கத்தில் வந்ததால்தான் குதிரை மிரண்டது, என் பெண்ணிடம் கத்தியோடு போயிருக்கிறான் என்று சத்தம்போட்டார்.

கோராவுக்குக் காதில் விழுந்ததை நம்பமுடியவில்லை. வாரை விடச் சொன்ன அப்பாவா இது... பேச வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சாம்பல் கண்கள் ஒரு நொடி அவளைப் பார்த்துக் காத்திருந்தன. பிறகு அவன் கழுதையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான்.

மத்தியானத்துக்குள் ஆற்றங்கரைக் கேம்ப் முழுக்க அதுவே பேச்சு. அவன் பெயர் எம்மெட் ரஸ்க், மர அறுவை மில்லில் வேலை, அக்கா குடும்பத்தோடு வந்திருக்கிறான். கழுதைக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான் என்று குதிரைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். கேம்ப் நடத்தும் மேவிஸ் அம்மாள், சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன் டிரெய்லரைக் கிளப்பும்படி அவனிடம் சொல்லிவிட்டாள்.

அதைச் சொல்ல மேவிஸே கோராவிடம் வந்தாள். முகம் சரியாக இல்லை.

"அந்தப் பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. 'பெத்த மக தண்ணிக்குள்ள போனதைப் பாத்த மனுசன், கத்தட்டும் விடுங்க'ன்னான். தப்புப் பண்றவன் இப்படிப் பேசுவானா, கோரா?"

கோராவுக்கு ஆற்றில் மறுபடி விழுந்ததுபோல் இருந்தது. உயிரைக் காப்பாற்றினான். அடி வாங்கினான். பழியையும் வாங்கிக்கொண்டு போகிறான். நான் வாயில்லாதவள் மாதிரி நின்றேன்... அவன் போய்விட்டால் அந்தக் கண்ணை ஆயுசுக்கும் மறக்க முடியாது.

அப்பா தங்கள் டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கப்பா. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"கழுதைக்காரனுக்காக ஊர் முன்னாடி என்னைப் பொய்யனாக்குவியா?"

"அதை நீங்களே காலையில செஞ்சுட்டீங்க."

பீன்ஸும் சோள ரொட்டியும் வாங்க எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்ற நேரம், கோரா அவர்கள் முன்னால் போய் நின்றாள். வார் கட்டியிருந்ததையும், அப்பா விடச் சொன்னதையும், குதிரை மிரளவே இல்லை என்பதையும், அவன் கத்தி வாரை மட்டும்தான் தொட்டது என்பதையும் சொன்னாள். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அப்பா தட்டை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் டிரெய்லருக்குள் போனார். கதவு சாத்திய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மழை பிடித்துக்கொண்டது. எம்மெட் தன் டிரெய்லரை டிரக்கோடு சங்கிலியால் மாட்டிக்கொண்டிருந்தான். தொப்பி விளிம்பில் நீர் சொட்டியது. மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும். மேவிஸ் உங்களை இருக்கச் சொல்றாங்க. ஆனா... எங்க அப்பா மன்னிப்புக் கேக்க மாட்டாரு."

"நான் கேக்கச் சொல்லலையே."

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

"காலையில கேட்டிருந்தா ஒண்ணும் வேணாம்னிருப்பேன்," என்றான், சங்கிலியைப் பார்த்தபடி.

கோரா கண்ணில் விழுந்த மழையைத் துடைத்தாள்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. கோழி ஃபேக்டரியில கறி வெட்டுறவ நான். இன்னைக்கு எங்க அப்பா என்னை வீட்டுக்குள்ள விடுவாரான்னே தெரியல. காலையில நீங்க யாருன்னு தெரியாது. இப்ப நீங்க போயிட்டா என்னால தாங்க முடியாது. ஏன்னு கேக்காதீங்க... எனக்கே தூக்கிவாரிப் போடுது."

வெள்ளத்தில் கலங்காதவன் கையிலிருந்து சங்கிலி நழுவி விழுந்தது. நனைந்த டிரெய்லர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

எம்மெட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நேத்து சாயங்காலம் நீ குதிரையைக் குளிப்பாட்டினப்ப பாத்தேன். அதுக்கப்புறம் வேற எதையும் பாக்கல. இன்னைக்கு நீ வாரை அவுக்கக் குனிஞ்சதையும் பாத்தேன், அவுக்காம நிமிந்ததையும் பாத்தேன். அதான் பின்னாலேயே கழுதையை இறக்கினேன். இல்லன்னா நான் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்திருப்பேன்?"

தற்செயலாக வந்தவன் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்...

"பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்களா?"

"ஹக்கபி வீட்டுப் பொண்ணு கழுதைக்காரன்கிட்ட பேசுமா?"

"இப்ப வேற என்ன செய்றாளாம்?"

எம்மெட் எழுந்தான். அவளையே பார்த்துக்கொண்டு, மாட்டிய டிரெய்லரை டிரக்கிலிருந்து கழற்ற ஆரம்பித்தான்.