ஒரு பிடி மிச்சம்

மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு ட்ரோன் உணவுப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. அஞ்சுகம் மூடியைத் திறந்தாள். பெட்டியில் பாதிதான் சோறு இருந்தது.

ஜவ்வாது மலையடிவாரத்துச் சூரியத்தகடுகளுக்கு அவள் ஒருத்திதான் காவல். எல்லோருக்கும்போல அவளுக்கும் சாப்பாட்டை அளவி என்ற பங்கீட்டுக் கணினி அனுப்பியது. உள்ளே போகும் ஒவ்வொரு கவளத்தையும் மணிக்கட்டுப் பட்டை அதற்குச் சொல்லிவிடும். ஒரு மாதம் ஒரு பிடி குறைத்துச் சாப்பிட்டால், மறுமாதம் ஒரு பிடி குறைத்தே வரும். அதனால் நாட்டில் எங்கும் எதுவும் மிஞ்சுவதில்லை.

நாய்களை யாரும் விரட்டவில்லை. குப்பைமேடுகள் இல்லாமல் போயின. பந்தி முடிந்து எறிய எச்சில் இலை இல்லை. தின்ன எதுவுமில்லாமல் நாய்கள் ஒவ்வொன்றாக மலையேறின. அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

சித்திரையில் அஞ்சுகத்துக்குப் பல்வலி. மெல்ல முடியாத ஒரு பிடிச் சோற்றைத் தகட்டுத் தூணடியில் கொட்டினாள். மறுநாள் அங்கே கால்தடங்கள் இருந்தன. வலி போன பிறகும் அவள் ஒரு பிடி ஒதுக்கினாள். ஆனியில் ஒரு நாய் வேலியோரம் நின்றது. ஆவணியில் பத்தடி தள்ளி உட்கார்ந்தது. குட்டி சுமந்து அதன் வயிறு கனத்திருந்தது.

இன்று ஆம்பூரிலிருந்து பங்கீட்டு அலுவலர் தாஜுதீன் வந்திருந்தார். தன் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். இருவரும் தகட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் அவளுடைய அளவு பாதிக்குக் கீழே இறங்கினால், அளவி அவளை நோயாளி என்று எடுத்துக்கொள்ளும் என்றார். வேலூர்க் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவளுடைய இடத்துக்கு எந்திரம் வரும். பழைய அளவை அவரால் திருப்பித் தர முடியும். ஆனால் இன்று முதல் பெட்டியை அவளே காலிசெய்ய வேண்டும்.

"நாய்க்குன்னு கேக்கக் கூடாதா சார்?"

"அளவிக்கு நாய்னா என்னன்னே தெரியாதும்மா."

தூணுக்குப் பின்னாலிருந்து நாய் வந்தது. தாஜுதீன் கால்களை இழுத்துக்கொண்டார். படத்தில் பார்த்ததைவிட அது சிறியதாக இருந்தது.

"கடிக்குமா?"

"தெரியாது சார். நான் கடிப்பனான்னு அதுக்கும் தெரியாது."

போன வாரம் வேலியருகே கரடி வந்ததைச் சொன்னாள். அவள் முதுகைக் காட்டித் தகடு துடைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை கேட்டறியாத ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினாள். நாய் அவளுக்கும் கரடிக்கும் நடுவில் நின்றது.

"எனக்காகக் கத்துச்சா, சோத்துக்காகக் கத்துச்சான்னு தெரியல."

அவர் அவளுடைய பெட்டியைப் பார்த்தார். அவள் சாப்பிடத் தொடங்கினாள். கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றாள். மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. நான்கு மாதங்களில் முதல் முறை.

நாய் எழுந்து இரண்டடி முன்னால் வந்தது. அவள் கையைப் பார்த்தது. உட்கார்ந்தது.

தாஜுதீனின் விரல்கள் சோற்றில் நின்றிருந்தன. பெட்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"உங்களுது மிஞ்சுமா சார்?" என்றாள் அஞ்சுகம்.